அட்மின் நான்தான், கோப்பு ஏன் திறக்கவில்லை?

அன்பின் ஐயா,

கொட்டாஞ்சேனையில் சிறியதொரு டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று 11 வருட வேலை முழுவதும் ஒரே கணினியில் இருந்தது. போன மாதம் அதன் மதர்போர்ட் எரிந்துவிட்டது. வன்தட்டைக் கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டுப் புதிய கணினியில் பொருத்தினேன். தட்டு தெரிகிறது. என் பெயரிலுள்ள கோப்புறையைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. கொன்டினியூ அழுத்தினால் சிலது திறந்தது, சிலது திறக்கவில்லை. திறந்தவற்றிலும் சில பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைச் சேமிக்க முடியவில்லை. புதிய கணினியிலும் நான்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். பெயரும் பாஸ்வேர்டும்கூட பழையதேதான். ஒரு கடையில் ஃபோர்மட் அடிக்கச் சொன்னார்கள். இன்னொருவர் சி டிரைவ் முழுவதற்கும் 'எவ்ரிவன், ஃபுல் கொன்ட்ரோல்' கொடுத்தால் சரிவரும் என்கிறார். எதைச் செய்ய?

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகர்

அன்பின் நண்பருக்கு,

இரண்டையும் செய்ய வேண்டாம். ஃபோர்மட் அடித்தால் 11 வருட வேலை போய்விடும். சி டிரைவைத் திறந்துவிட்டால் பழைய தட்டின் பூட்டு அசையாது, நன்றாக ஓடும் புதிய கணினிதான் பழுதாகும். சி என்பது புதிய கணினியின் தட்டு. உங்கள் கோப்புகள் இருப்பது ஈ அல்லது எஃப் என்று தெரியும் யூஎஸ்பி தட்டில்.

பெயரும் பாஸ்வேர்டும் பழையதேதான் என்று எழுதியிருக்கிறீர்கள். குழப்பம் தொடங்குவது அங்கேதான். விண்டோஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லை. ஒரு கணக்கைத் திறக்கும்போதே அதற்கு எஸ்-1-5-21 என்று தொடங்கி 1001 போன்ற எண்ணில் முடியும் நீண்ட இலக்கம் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. கோப்பு யாருடையது, யார் வாசிக்கலாம், யார் மாற்றலாம் என்ற பட்டியல் தட்டிலேயே பதிந்திருக்கிறது; அதில் எழுதப்பட்டிருப்பது அந்த இலக்கம். காணி உறுதியிலுள்ள பெயரும் உங்கள் பெயரும் ஒன்றாக இருக்கலாம், அடையாள அட்டை இலக்கம் வேறென்றால் ஆள் வேறுதான். செக்யூரிட்டி பக்கத்தில் 'அக்கவுண்ட் அன்னோன்' என்று ஒரு நீள இலக்கத்தைக் கண்டு வைரஸ் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது பழைய கணினியில் இருந்த நீங்கள்தான்.

அப்படியென்றால் அட்மின் என்பதற்கு என்ன பெறுமதி? பெறுமதி இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற குழுவுக்கு எல்லா விண்டோஸ் கணினியிலும் எஸ்-1-5-32-544 என்ற ஒரே இலக்கம்தான். ஆகவே பழைய பட்டியலில் அந்தக் குழு இருந்தால் அது இங்கேயும் செல்லும். ஆனால் 2007இல் விஸ்டா வந்ததிலிருந்து, அட்மினாக உள்ளே போனாலும் அன்றாட வேலைக்குக் கையில் இருப்பது சாதாரணப் பயனரின் உரிமை மட்டுமே. திரை மங்கி 'யெஸ்' கேட்கும்போதுதான் முழு உரிமை வருகிறது. கொன்டினியூ பொத்தான் அந்த உரிமையை எடுத்து, கோப்புறையின் பட்டியலிலும் அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றின் பட்டியலிலும் உங்கள் புதிய இலக்கத்தை நிரந்தரமாக எழுதுகிறது. ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தால் நேரம் எடுக்கும். மேலே பச்சைக் கோடு மெதுவாக நகர்வதைப் பார்த்துப் பொறுமை இழந்து கேபிளைக் கழற்றினால், அல்லது நடுவில் கரண்ட் போனால், பாதி எழுதப்பட்டு மீதி விடுபடும். சிலது திறந்து சிலது திறக்காததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். யூபிஎஸ் இல்லாவிட்டால் இந்த வேலையை மடிக்கணினியில் செய்யுங்கள்.

மறுபடி முயல்வதற்கு முன் வரும் செய்தியை ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். 'பெர்மிஷன்', 'அக்செஸ் டினைட்' என்ற சொற்கள் வந்தால்தான் இது பட்டியல் விவகாரம். 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்று வந்தாலோ, தட்டு டக் டக் என்று அடித்தாலோ தட்டே சாகிறது. அப்போது ஒரு பொத்தானையும் அழுத்தாமல் கழற்றி வைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொடுங்கள். சாகிற தட்டில் ஆயிரம் கோப்புகளின் உரிமையை மாற்றுவது அதன் கடைசி மூச்சை வீணாக்குவது.

பட்டியலோடு தொடர்பில்லாத இரண்டு பூட்டுகளும் உண்டு. கோப்பின் படத்தில் சின்னப் பூட்டு தெரிந்தால், அல்லது புரொப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் என்று போய்ப் பார்க்கும்போது 'என்க்ரிப்ட்' பெட்டியில் சரியடையாளம் இருந்தால், கோப்பு மறையாக்கப்பட்டிருக்கிறது, உரிமையாளரை மாற்றிப் பயனில்லை. அதன் சாவி பழைய கணக்குக்குள், பழைய பாஸ்வேர்டின் பாதுகாப்பில் இருக்கிறது. பிஎஃப்எக்ஸ் கோப்பாக அந்தச் சாவியை எடுத்து வைத்திருந்தால் அதை இறக்குமதி செய்து திறக்கலாம். இல்லையென்றால் தட்டை ஃபோர்மட் அடிக்காமல் வைத்திருப்பது மிக மிக முக்கியம், பழைய கணக்கின் கோப்புறையோடு சாவியும் அதற்குள்தான் கிடக்கிறது. மற்றது, கோப்பின் அளவு பெரிதாகக் காட்டி 'சைஸ் ஒன் டிஸ்க்' 0 என்று இருந்தால் அந்தக் கோப்பு தட்டிலேயே இல்லை. ஒன்டிரைவ் அதை இணையத்தில் வைத்துவிட்டுப் பெயரை மட்டும் இங்கே விட்டிருக்கிறது. உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து இறக்கிக்கொள்ளுங்கள். தட்டின் உள்ளே உங்களுக்குத் தெரிவதால், முழுத் தட்டையும் பூட்டும் பிட்லொக்கர் பிரச்சினை இல்லை. இருந்திருந்தால் திறக்கும் முன்பே 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டிருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் வேலை நேரானது. பழைய தட்டில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர். அந்தக் கோப்புறையில் ஒரே தடவை கொன்டினியூ அழுத்திவிட்டு முடியும்வரை விடுங்கள். திறந்ததும் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றைப் புதிய கணினியின் டொக்கியுமென்ட்ஸ் கோப்புறைக்குள் கொப்பி பண்ணுங்கள். கட் பண்ணாதீர்கள். கொப்பி பண்ணுவதற்கு வாசிக்கும் உரிமை போதும், போய்ச் சேரும் கோப்பும் புது இடத்தின் பட்டியலை எடுத்துக்கொள்ளும். பழைய இலக்கம் பின்னால் வராது. கட் பண்ணினால் மூலத்தை அழிக்கும் உரிமையும் தேவை, அங்கே தடங்கினால் பாதி இங்கும் பாதி அங்குமாகச் சிதறும்.

மறைந்த கோப்புகளையும் காட்டும்படி வைத்திருந்தால் அப்ளிகேஷன் டேட்டா, லோக்கல் செட்டிங்ஸ், மை டொக்கியுமென்ட்ஸ் என்று மங்கலான கோப்புறைகள் தெரியும், திறந்தால் மறுக்கும். அவை கோப்புறைகளே அல்ல, பழைய மென்பொருளுக்காக வைத்த வழிகாட்டிப் பலகைகள். மறுப்பது வேண்டுமென்றே வைத்த தடை. அதை உடைத்தால் சில கொப்பி மென்பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அதே கோப்புறையைச் சுற்றிச்சுற்றிப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கும். தொடாமல் விடுங்கள்.

கொன்டினியூவுக்கும் மசியாமல், செக்யூரிட்டி பக்கத்துக்குப் போகச் சொல்லும் கோப்புறை இருந்தால்தான் உரிமையாளரை மாற்ற வேண்டும். அந்தக் கோப்புறையில் வலது கிளிக், புரொப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட். மேலே ஓனர் என்ற வரியில் 'சேஞ்ச்'. பெயரை அடித்தால் பலருக்கு ஏற்காது, மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்ளே வந்திருந்தால் உள்பெயர் மின்னஞ்சலின் முதல் சில எழுத்துகளாக இருக்கும். ஆகவே அங்கேயுள்ள அட்வான்ஸ்ட், 'ஃபைன்ட் நவ்' அழுத்திப் பட்டியலிலிருந்து உங்களைத் தெரிவு செய்யுங்கள். ஓகே கொடுத்ததும் ஓனர் வரிக்குக் கீழே 'ரிப்ளேஸ் ஓனர் ஒன் சப்கொன்டெய்னர்ஸ்' என்று ஒரு பெட்டி தோன்றும். அதில் சரி போட்டு அப்ளை. பலர் வழுக்குவது இதற்கு அடுத்த படியில். உரிமையாளராகிவிட்டால் கோப்பு திறக்குமென்று நினைக்கிறார்கள். உரிமையாளருக்குக் கிடைப்பது பட்டியலைத் திருத்தும் உரிமை; வாசிக்கும் உரிமையைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். அதனால் எல்லாச் சாளரத்தையும் மூடி, மறுபடி அதே அட்வான்ஸ்ட் பக்கத்துக்கு வந்து, 'அட்', 'செலெக்ட் அ பிரின்சிபல்', உங்கள் பெயர், ஃபுல் கொன்ட்ரோல். பிறகு அடியிலுள்ள 'ரிப்ளேஸ் ஓல் சைல்ட் ஒப்ஜெக்ட் பெர்மிஷன் என்ட்ரீஸ்' பெட்டியில் சரி போட்டு ஓகே. மூடாமல் தொடர்ந்தால் விண்டோஸ் பழைய நிலையையே காட்டிக்கொண்டிருக்கும், வேலை நடக்கவில்லை என்று தோன்றும்.

இந்தக் கடைசிப் பெட்டி உள்ளேயுள்ள ஒவ்வொரு கோப்பின் தனிப் பட்டியலையும் அழித்து மேலுள்ளதை எழுதுகிறது. பழைய வேலைக் கோப்புறைக்கு அதனால் நட்டமில்லை. சி டிரைவின் தலையில் அதையே செய்தால் நடப்பதுதான் உங்களுக்குச் சொல்லப்பட்ட 'எவ்ரிவன்' வைத்தியம். விண்டோஸ் கோப்புகள் பெரும்பாலானவற்றின் உரிமையாளர் நீங்களோ அட்மினோ அல்ல, டிரஸ்டட் இன்ஸ்டோலர் என்ற உட்சேவை. அந்த ஒழுங்கு குலைந்தால் ஸ்டோரிலிருந்து வந்த செயலிகள் திறக்க மறுக்கும், அப்டேட்கள் தோற்கும், ஒரு சாதாரண வைரஸ்கூட அட்மின் கேள்வி இல்லாமல் விண்டோஸ் கோப்புகளுக்குள் எழுதிவிடும். எதை எங்கே மாற்றியது என்ற குறிப்பு எங்கும் இருக்காது, திருப்பிப் போடப் பொத்தானும் இல்லை. ஏற்கனவே செய்துவிட்டீர்களென்றால், அதே பதிப்பின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை மைக்ரோசொஃப்டிலிருந்து இறக்கி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள்ளிருக்கும் செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்திருக்கும் தெரிவோடு மேலே நிறுவுவதுதான் வழி. திரை மங்கி 'யெஸ்' கேட்கும் அந்தக் காவலான யூஏசியை அணைப்பது, ஒளிந்திருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைத் திறந்து அதிலேயே வேலை செய்வது ஆகிய யோசனைகளும் உங்களைத் தேடி வரும். அவையும் இதே ரகம், ஏற்காதீர்கள்.

இனி சேமிக்க முடியாத பேஜ்மேக்கர் கோப்புகள். இது அனுமதிப் பட்டியல் விவகாரமாக இல்லாமலும் இருக்கலாம். முன்பு சீடியில் எழுதி வைத்து அங்கிருந்து திரும்பக் கொப்பி பண்ணிய கோப்புகளில் 'ரீட் ஒன்லி' அடையாளம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கோப்புகளைத் தெரிவு செய்து புரொப்பர்ட்டீஸில் அந்தச் சரியை எடுத்துவிட்டால் சேமிக்கும். கோப்புறையின் புரொப்பர்ட்டீஸிலும் அதே இடத்தில் நிரப்பிய சதுரம் ஒன்று தெரியும். எத்தனை தடவை எடுத்தாலும் திரும்பி வரும், அதற்கு அர்த்தமில்லை, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அடையாளம் இல்லாமலும் சேமிக்கவில்லை என்றால் மென்பொருளைப் பாருங்கள். பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001இல், யூஏசி வருவதற்கு முன். அந்தக் கால மென்பொருள்கள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் தங்கள் கோப்புறையில் தாராளமாக எழுதலாம் என்று எண்ணி எழுதப்பட்டவை. அதை எப்போதும் அட்மினாக ஓடும்படி வைப்பது சுலபம்தான். ஆனால் அப்படி ஓடும்போது வெளியிலிருந்து படத்தை இழுத்துப் போட்டால் ஏற்காது, வலையமைப்பில் இணைத்த டிரைவ்களும் அதற்குத் தெரியாமல் போகும். பேஜ்மேக்கரின் கோப்புறை ஒன்றுக்கு மட்டும், யூசர்ஸ் குழுவுக்கு 'மொடிஃபை' கொடுங்கள். திறக்க வேண்டியது அந்த ஒரு கதவு மட்டும்தான்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருக்களைப் புதிய கணினியில் நிறுவும்போதும் இதே கவனம் வேண்டும். வெறும் 'இன்ஸ்டோல்' உங்கள் கணக்குக்கு மட்டும் போடுகிறது, விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையை மட்டுமே பார்க்கும் பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. வலது கிளிக்கில் 'இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்' தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கோப்பு சரியாகத் திறந்தும் கல்வெட்டின் தேவாரம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், கோப்பு கெட்டுவிட்டதென்று நினைத்துவிடுவீர்கள்.

கொப்பி முடிந்ததும் பழைய கோப்புறை, புதிய கோப்புறை இரண்டிலும் புரொப்பர்ட்டீஸ் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு வருடத்திலிருந்தும் இரண்டு மூன்றைத் திறந்து, ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். இரண்டாவது பிரதி ஒன்று வேறொரு தட்டுக்குப் போகும்வரை பழைய வன்தட்டில் எதையும் அழிக்காதீர்கள்.

அன்புடன்.