"நீங்க போங்க" வேண்டாம், "போயிட்டு வாங்க" சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 58. கணவர் தபால் துறையில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் 35-வது திருமண நாளுக்காகப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து, அக்டோபரில் நாங்கள் ஐந்து நாள் ரோம் போய்வர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவர் ஒரு நோட்டுப் போட்டு, மணிவாரியாக 31 இடங்களை எழுதி வைத்திருக்கிறார். எனக்கோ மூட்டுவலி. கொஞ்ச தூரம் நடந்தால் உட்கார்ந்தாக வேண்டும். காசிக்குப் போனபோது கங்கைப் படித்துறையில் ஐந்து நிமிடம் உட்கார விடாமல் அடுத்த கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். சண்டையாகி, திரும்பும் ரயிலில் இரண்டு நாள் பேசிக்கொள்ளவே இல்லை. மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளைகள் இவ்வளவு செலவு செய்திருக்கும்போது வாயைத் திறக்கவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கூடவே நடக்கவா? இல்லை, ஹோட்டல் அறையிலேயே இருந்துவிடவா? அவருடைய நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி.

அந்த நோட்டை இரண்டு முறை படித்தேன். உங்கள் கணவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் கட்டிய வருடம், கட்டியவர் பெயர், எந்த மெட்ரோ நிலையத்தில் இறங்க வேண்டும் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் இந்த ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று நினைக்கிறவரின் பட்டியல் அது. அதைக் கிழித்துப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதில் உங்கள் முட்டிக்கு ஒரு வரிகூட இல்லை. கேட்காதது அவர் தப்பு. சொல்லாதது உங்கள் தப்பு.

நானும் என் கணவரும் ரோமுக்குப் போயிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பழைய ரோமின் பிரம்மாண்ட வட்ட அரங்கமான கொலோசியத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் ஃபோரத்துக்குள் நுழைந்தோம். பழைய ரோமின் கோயில்களும் மன்றங்களும் தூண் தூணாக நிற்கும் பெரிய தாழ்வான வெளி அது. நிழல் குறைவு. காலடியில் பெரிய பெரிய கருங்கற்கள், ஒன்று மேடு, ஒன்று பள்ளம். அதைக் கடந்ததும் அவர் பாலட்டைன் குன்றைக் காட்டினார். நான் "நீங்க போங்க" என்றேன். எந்தக் குரலில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அவர் போகவில்லை. என் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குன்றும் போயிற்று, அன்றைய சாயங்காலமும் போயிற்று. "போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன், வந்து என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க" என்று சொல்லியிருந்தால் போதும். "போங்க" என்றால் தள்ளிவிடுகிறோம். "போயிட்டு வாங்க" என்றால் காத்திருக்கிறோம். நம் வீடுகளில் வாசலில் நின்று தினமும் சொல்கிற வார்த்தைதான். அன்று எனக்கு வரவில்லை. இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

அதனால் ஐந்து நாளும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். காலையில் மூன்று மணி நேரம் அவர் அவருடைய ரோமைப் பார்க்கட்டும், நீங்கள் உங்களுடையதைப் பாருங்கள். மதியச் சாப்பாட்டிலிருந்து சேர்ந்தே இருங்கள்.

ஃபோரத்தையும் பாலட்டைனையும் முழுக்க அவரிடம் விட்டுவிடுங்கள். அங்கே இருக்கும் மாக்சென்டியஸ் பேரவை மண்டபத்துக்கு அடியில், முதல் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது என்பதை அவருடைய நோட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். நம் சேரநாட்டுத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய மிளகு வந்து இறங்கிய ஊர் அது. இதற்காகவே அவர் அங்கே ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்பார். நீங்கள் கொலோசியத்துக்கு மட்டும் அவரோடு போங்கள், அங்கே லிஃப்ட் இருக்கிறது. டிக்கெட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

புனித பேதுரு பேராலயத்தின் கோபுரத்துக்கு 551 படி. லிஃப்டில் பாதி ஏறினாலும் மிச்சம் 320 படி. மேலே போகப் போகச் சுவரே சாய்ந்துவரும் குறுகலான வழி, நடுவில் மனம் மாறித் திரும்பவும் முடியாது. அதை அவர் தனியாகப் பார்த்துவிட்டு வரட்டும். நீங்கள் கீழே, உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் இருக்கும் 'பியத்தா' முன் நில்லுங்கள். மகனின் உயிரற்ற உடலை மடியில் வைத்திருக்கும் மரியாள். மைக்கலாஞ்சலோ 25 வயதுக்குள் செதுக்கியது. பிள்ளை பெற்றவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படாது. சிஸ்டைன் சிற்றாலயத்துக்குச் சேர்ந்தே போங்கள், சுவரோரம் பெஞ்சுகள் உண்டு. 1508-லிருந்து 1512 வரை மைக்கலாஞ்சலோ வரைந்த விதானத்தை உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பதுதான் நல்லது. ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை வத்திக்கான் மியூசியத்துக்குள் நெடுந்தூரம் நடக்க வேண்டும். சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். 35 வருடம் அவரைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். ஒரு காலை அவர் உங்களைத் தள்ளிக்கொண்டு போகட்டும்.

இனி உங்களுடைய ரோம். பியாஸ்ஸா நவோனா என்று ஒரு நீண்ட சதுக்கம். அதுவும் டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கம் இருந்த இடம்தான், அதனால்தான் அந்த நீள வடிவம். நடுவில் 1651-ல் சிற்பி பெர்னினி முடித்த நான்கு நதிகளின் நீரூற்று. நான்கு கண்டங்களுக்கு நான்கு நதிகள், மனித உருவில். நைல் நதியின் ஊற்று எங்கே என்று அப்போது தெரியாததால் அதன் தலையைத் துணியால் மூடியிருக்கிறார். ஆசியாவுக்கு யார் தெரியுமா? நம் கங்கை. நம் ஊரில் பெண் தெய்வம், அங்கே தாடி வைத்த கிழவர், கையில் நீண்ட துடுப்பு. சதுக்கத்தில் கல் பெஞ்சுகள் இருக்கின்றன. காசியில் உங்களுக்குக் கிடைக்காத அந்த ஐந்து நிமிடத்தை இங்கே ஒரு மணி நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள்.

அங்கிருந்து மெதுவாக நடந்தால் சில நிமிடத்தில் சான் லூயிஜி தேவாலயம். கட்டணம் இல்லை. கரவாஜியோவின் மூன்று ஓவியங்கள் ஒரு மூலையில் இருட்டில் இருக்கும், பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும். சில்லறை எடுத்துப் போங்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன். அதற்கு டிக்கெட் உண்டு. கிட்டத்தட்ட 1,900 வருடமாக நிற்கும் அந்தக் கூரையின் உச்சியில் வானம் தெரியும் ஒரு வட்டத் திறப்பு. வெயில் அதன் வழியாக விழுந்து சுவரில் நகர்ந்துகொண்டே இருக்கும். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும், தரையில் இருக்கும் சின்னத் துளைகள் வழியே வடிந்துவிடும். இவ்வளவையும் ஒரே காலையில், நின்று நின்று, உங்களால் பார்க்க முடியும்.

ஸ்பானியப் படிகளில் மட்டும் கால் வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2019-லிருந்து அங்கே உட்கார்ந்தால் அபராதம். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். தெருவெங்கும் மூக்கு வளைந்த இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கு நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகப் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். காபி நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் அதிக விலை. நீங்கள் அந்த அதிக விலையைக் கொடுங்கள், கழிவறையும் கிடைக்கும். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், ஜேப்படி உண்டு. தனியாக இருக்கும் நேரத்துக்கு உங்கள் கையிலும் பேசக்கூடிய ஒரு போன் வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் இன்றே கேட்டு வாங்குங்கள். அவர்கள் பணம் கொடுத்தது அம்மா வலியை மறைத்துக்கொண்டு நடக்க அல்ல. முட்டி எப்படி இருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தயங்குவீர்கள். நோட்டிலேயே வழி இருக்கிறது. போர்கேசே கேலரியைத் திங்கட்கிழமைக்குப் போட்டிருக்கிறார். திங்களன்று அது திறக்காது. வத்திக்கான் மியூசியத்தை ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டிருக்கிறார். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அது மூடியிருக்கும். கடைசி ஞாயிறு இலவசம் என்பதால் அன்று கூட்டம் நெரியும். எப்படியும் இரண்டு நாளை மாற்றி எழுதித்தான் ஆக வேண்டும். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நோட்டையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். "திங்கட்கிழமை அது மூடியிருக்குமாம்" என்று ஆரம்பியுங்கள். அவர் அழிக்க ஆரம்பித்ததும், உங்கள் கங்கைக்கு ஒரு காலையைக் கேளுங்கள்.