சொந்தமாகக் கட்டும் வண்டியில் பெட்ரோல் பம்பு ஒயரிங்: கேள்வி-பதில்

கேள்வி: பழைய ஜீப் சேஸிஸில் கார்புரேட்டர் எஞ்சின் வைத்து, தோப்புக்குள் ஓட்ட ஒரு வண்டி கட்டியிருக்கிறேன். மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் பம்பு போட்டேன். இக்னிஷன் சாவியிலிருந்து நேராக ஒயர் இழுத்தாயிற்று, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பார்த்தவர்கள் எல்லாம் தப்பு என்கிறார்கள். என்ன தப்பு சார்?

பதில்: ஓடுவதில் தப்பில்லை. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது, அதுதான் தப்பு. பழைய பம்பை எஞ்சினின் கேம்ஷாஃப்ட்தான் ஆட்டியது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். புதுப் பம்புக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. வண்டி கவிழ்ந்து பைப் பிய்ந்தாலும், சாவி ஆனில் இருக்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். மணிக்கு 100 லிட்டர் தள்ளும் சின்னப் பம்புகள் சாதாரணம். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் சூடான சைலன்சர் மேல் கொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கவிழக்கூட வேண்டாம். கார்புரேட்டர் நீடிலில் (பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி) ஒரு தூசி மாட்டியிருந்து, சாவியை ஆனில் விட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், பெட்ரோல் வழிந்து சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலில் கலந்துவிடும்.

ஆகவே எஞ்சின் ஓடினால் மட்டும் பம்பு ஓட வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு எனக்குப் பிடித்த வழி மூன்று முனை ஆயில் பிரஷர் சுவிட்ச். பொது முனையிலிருந்து ரிலே காயிலுக்கு ஒயர் கொடுங்கள் (காயிலில் சின்னக் கரண்ட் வந்தால் முனைகளைச் சேர்த்துப் பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்தான் ரிலே). பிரஷர் இல்லாதபோது சேர்ந்திருக்கும் முனைக்கு செல்ஃப் மோட்டார் ஒயரிலிருந்தும், பிரஷர் வந்ததும் சேரும் முனைக்கு இக்னிஷனிலிருந்தும் கரண்ட் வரட்டும். செல்ஃப் அடிக்கும்போது பம்பு ஓடும், ஆயில் பிரஷர் ஏறியதும் இக்னிஷன் வழியாகத் தொடரும், எஞ்சின் நின்று பிரஷர் இறங்கினால் பம்பும் நிற்கும்.

சிலர் இரண்டு முனை சுவிட்சைப் போட்டு, அதன் வெளி ஒயரையும் செல்ஃப் ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். அப்போது எஞ்சின் ஓடும்போது கரண்ட் பின்பக்கமாகப் போய் செல்ஃப் மோட்டாரையே இழுக்கப் பார்க்கும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்றால் இரண்டு ஒயரிலும் ஆளுக்கொரு டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) அவசியம். இன்னொன்று, டேஷ்போர்டு ஆயில் லைட்டுக்கு இருக்கும் சாதாரண சுவிட்ச் இதற்கு ஆகாது. அது பிரஷர் இல்லாதபோது சேரும், நமக்குத் தேவை நேர் எதிர்.

இதோடு ஒரு இனர்ஷியா சுவிட்சும் போடுங்கள். மோதலில் தானே விடுபடும், மேலே உள்ள பட்டனை அழுத்தினால் மறுபடி சேரும். ஃபோர்டு கார்களில் பல வருஷம் வந்த சாமான், பழைய பார்ட்ஸ் கடையில் தேடிப் பாருங்கள். பம்பு இழுக்கும் ஆம்பியரை அது தாங்குமென்றால் காயில் ஒயரில் வைக்காமல் பம்புக்குப் போகும் ஒயரிலேயே வையுங்கள். ரிலே முனை ஒட்டிக்கொண்டாலும் வெட்டிவிடும்.

கேள்வி: ஐந்து முனை ரிலேயில் 87, 87ஏ இரண்டும் இருக்கிறது அண்ணா. எதில் பம்பு?

பதில்: 87. பேட்டரி 30-க்கு, காயில் 85, 86. 87ஏ-யில் கொடுத்தால் ரிலே வேலை செய்யாதபோதுதான் பம்பு ஓடும்! முடிந்தால் 87ஏ இல்லாத நான்கு முனை ரிலே வாங்குங்கள், தவறுக்கே இடமில்லை. ரிலே முனை பிரியும்போது பொறி வரும் என்பதால் டேங்க் பக்கம் மாட்ட வேண்டாம்.

கேள்வி: 10 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று எங்கள் எலக்ட்ரீஷியன் 30 போட்டுவிட்டார். இப்போது போவதில்லை.

பதில்: இனி ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் போகும். ஃப்யூஸ் காப்பாற்றுவது பம்பை இல்லை, ஒயரை. கார்புரேட்டர் பம்பு பெரும்பாலும் 2 ஆம்பியருக்குள், இஞ்ஜெக்‌ஷன் பம்பு 5 முதல் 8 வரை இழுக்கும். மீட்டர் வைத்து அளந்து, அதைவிடச் சற்று மேலே, ஒயர் தாங்குவதற்குள் ஃப்யூஸ் போடுங்கள். அது பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். பம்பு அருகே ஃப்யூஸ் வைத்தால் வழியில் இருக்கும் நாலு மீட்டர் ஒயருக்கும் காவல் இல்லை. உங்கள் 10 ஏன் போகிறது? பம்பு இறுகியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது தகட்டு ஓட்டையில் ரப்பர் கிராமட் இல்லாமல் ஒயர் உரசி அவ்வப்போது ஷார்ட் ஆகலாம். மூன்றாவதை முதலில் பாருங்கள்.

கேள்வி: இஞ்ஜெக்‌ஷன் எஞ்சின், மூன்று பார் பிரஷர் வேண்டும். ஐடிலில் சரி, ஆக்ஸிலேட்டர் மிதித்தால் மூச்சு வாங்குகிறது. பம்பு புதிது.

பதில்: பம்பு ஓடும்போதே அதன் இரண்டு முனையிலும் மீட்டர் வையுங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குற்றவாளி ஒயர். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் நாலு மீட்டர் போனால், 6 ஆம்பியரில் போகிற வழியில் மட்டுமே அரை வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். 2.5 போட்டால் இழப்பு அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே. எர்த்தை பவுடர் கோட்டிங் அடித்த சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தால் அது எர்த்தே இல்லை. சுரண்டிப் பளபளவென்று ஆக்குங்கள், அல்லது பேட்டரி மைனஸுக்கே தனி ஒயர் கொண்டுபோங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

கேள்வி: கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கும், கல்லூரி மாணவர்கள் ரேஸ் கார் கட்டி மோதும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வண்டி கட்டுகிறோம். இசியூவே (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பம்பை நிறுத்துகிறதே, ஷட்டவுன் சர்க்யூட் எதற்கு?

பதில்: இசியூ குழம்பிப் போனால் யார் நிறுத்துவது தம்பி? சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி ஓட்டி, எஞ்சின் சுழலும் சிக்னல் வராவிட்டால் நிறுத்தும் இசியூ நல்ல வசதி. ஆனால் அது மென்பொருள். இத்தகைய மாணவர் போட்டிகளுக்கான ஃபார்முலா ஸ்டூடன்ட் விதியில் ஷட்டவுன் சர்க்யூட்டானது இக்னிஷன், இஞ்ஜெக்டர், பம்பு மூன்றின் கரண்டையும் நேரடியாக வெட்ட வேண்டும். பம்புக்குத் தனி மெக்கானிக்கல் ரிலே. ஷட்டவுன் பட்டன், இனர்ஷியா சுவிட்ச், பிரேக் ஓவர்டிராவல் சுவிட்ச் (பிரேக் பெடல் அளவுக்கு மீறி இறங்கினால் விடுபடுவது) எல்லாம் ஒரே சங்கிலியில் வரும். எந்தக் கண்ணி விட்டாலும் பம்பு நிற்கும்.

கேள்வி: மாஸ்டர் சுவிட்சைத் திருப்பினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கிறது!

பதில்: பேட்டரியை மட்டும் வெட்டுகிறீர்கள். ஆல்டர்நேட்டர் பம்புக்கும் இக்னிஷனுக்கும் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆறு முனை ரேஸ் சுவிட்ச் வாங்குங்கள். பெரிய முனை பேட்டரியை வெட்டும், ஒரு சின்ன ஜோடி இக்னிஷனை வெட்டும், இன்னொன்று ஆல்டர்நேட்டரின் மிச்சக் கரண்டை 3 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்தில் இறக்கும்.

கேள்வி: டேங்குக்குள் பம்பு வைத்தால் பொறி பட்டு வெடிக்காதா? எந்த ஒயர் போடுவது?

பதில்: மோட்டாருக்குள் நிறைந்திருப்பது பெட்ரோல், காற்று இல்லை. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்தால்தான் தீப்பிடிக்கும். மூடிய டேங்கில் பொதுவாக ஆவி அதைவிட மிக அடர்த்தி. பயப்பட வேண்டியது லூஸ் முனைக்கும் தப்பான ஒயருக்கும். சாதாரண பிவிசி ஒயர் பெட்ரோலில் ஊறி இறுகி வெடித்துவிடும். டெஃப்லான் மாதிரி பெட்ரோல் தாங்கும் உறை உள்ள ஒயரும், டேங்க் மூடிக்கென்றே வரும் சீல் வைத்த கனெக்டரும் வேண்டும். இப்போது பங்க்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தும், திறந்த முனைகளை அரிக்கவும் செய்யும். உள்ளே எதையும் முறுக்கி டேப் சுற்றாதீர்கள், கிரிம்ப் (முனையை நசுக்கி ஒயரோடு இணைப்பது) மட்டுமே. டேங்கை வற்றவும் விடாதீர்கள், பம்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான்.

எல்லோருக்கும் ஒன்று: டேங்கில் பெட்ரோல் ஊற்றும் முன், பம்பு இருக்க வேண்டிய இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டுங்கள். அது இழுப்பதும் ஏறக்குறைய 5 ஆம்பியர்தான். சாவி, செல்ஃப், ஆயில் சுவிட்ச், மாஸ்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பாருங்கள். இனர்ஷியா சுவிட்சைக் கழற்றிக் கையில் வைத்துத் தட்டுங்கள். அணைய வேண்டிய நேரத்தில் பல்பு எரிந்தால், இன்னும் பெட்ரோல் ஊற்ற வேண்டாம்.