பாலில் தண்ணீர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தாத்தா திருவல்லிக்கேணியில் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். பாலில் தண்ணீர் கலந்ததாகக் கோர்ட்டில் அபராதம் கட்டியிருக்கிறார். எந்த வருடம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ரசீது ட்ரங்குப் பெட்டியில் கிடக்கிறது. பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவார். தண்ணீர் என்ன விஷமா? ஏழைகளைப் பிடிக்கத்தான் அந்தச் சட்டமா?

கீதா, பெரம்பூர்

அன்புள்ள கீதா,

தண்ணீர் விஷமா என்ற கேள்வியில்தான் சட்டமும் முதலில் மாட்டிக்கொண்டது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், 272, 273 பிரிவுகளில் கலப்படத்துக்கு ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம் வரை வைத்தது. ஆனால் அந்த உணவு உடலுக்குக் கேடானது என்று நிரூபிக்க வேண்டும். பாலில் கலந்தது தொழுவத்தை ஒட்டிய கிணற்றுத் தண்ணீராக இருக்கும். அதில் டைபாய்டு வரும், காலரா வரும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது எந்தச் செம்புப் பாலால் என்று கோர்ட்டில் யார் காட்டுவது?

இங்கிலாந்தில் 1875இல் வந்த சட்டம், கேட்ட பொருளைக் கேட்ட தரத்தில் கொடுக்காததையே குற்றமாக்கியது. நம் மாகாணத்தில் 1918இல் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது.

அதற்கு முன்னும் பின்னும் சென்னை வீடுகள் தங்கள் கண்ணைத்தான் நம்பின. மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறக்கச் சொல்வார்கள். என் பாட்டி கறக்கும் முன் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வாள், உள்ளே விரலை விட்டும் பார்ப்பாள். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை மட்டும் நம்பவும் முடியாது. தண்ணீர் விட்டால் அது கீழே இறங்கும். ஏட்டை எடுத்துவிட்டால் மேலே ஏறும். இரண்டையும் அளவாகச் செய்தால் நல்ல பால் மாதிரியே நிற்கும். அதனால்தான் கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

1955 ஜூன் 1இல் மத்திய அரசின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அப்போது ஆய்வாளர் மாதிரிப் பாலை மூன்றாகப் பிரித்து முத்திரை வைப்பார். ஒன்று சோதனைக்குப் போகும், ஒன்று ஆய்வாளரிடம் இருக்கும், ஒன்று விற்றவர் கைக்கே வரும். முடிவு தப்பு என்று பட்டால் அதை வைத்து அவரும் வாதாடலாம். நல்ல ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில், கலந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியவில்லை. தனக்குப் பால் கொடுத்தவர் எழுதித் தந்த உத்தரவாதம் இருந்தால் தப்பியிருக்கலாம். விடியற்காலையில் மாட்டுக்காரரிடம் அளந்து வாங்கும் பால்காரருக்கு யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்? பால் எந்தக் கையில் தண்ணீரானாலும், வாசலில் நின்றவர்தான் அகப்பட்டார். சட்டம் வேண்டியதுதான். அந்த ஓட்டையைச் சின்ன வியாபாரிக்காக அன்றே அடைத்திருக்க வேண்டும்.

ரசீதில் தேதி இருக்கும், பாருங்கள். 1955 ஜூனுக்கு முந்தியது என்றால் மாகாணச் சட்டமாக இருக்கலாம். பிந்தியது என்றால் தாத்தா கையிலும் ஒரு பாட்டில் கொடுத்திருக்கலாம். அவர் அதைச் சோதனைக்கு அனுப்பினாரா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.