ஆக்டிங் டிரைவர் வேலை: மகனை அனுப்பலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

வணக்கம். மகனுக்கு 21 வயது, பி.காம். மூன்றாம் ஆண்டு, காலை ஷிப்ட் கல்லூரி. வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்; கால் ஆபரேஷனுக்கு அப்புறம் பாதி நாள்தான் வண்டி எடுக்க முடிகிறது. உங்கள் தம்பியிடம் இரண்டு டிரெய்லர் லாரி. "வாரத்துல ரெண்டு நைட்டு ஆக்டிங் வரட்டும்க்கா, ஒரு நைட்டுக்கு 1,200 தர்றேன்" என்கிறார். ஆக்டிங் என்றால் வழக்கமான டிரைவருக்குப் பதிலாக ஓட்டுவது. மகன் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். தம்பி மனசும் கோணக்கூடாது, பிள்ளை படிப்பும் கெடக்கூடாது என்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடியும்வரை டிரெய்லருக்கு ஆக்டிங் வேண்டாம். லாரி வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்த ஸ்டீயரிங்கால்தான். என் தயக்கம் 'பகுதி நேரம்' என்ற பேச்சில்தான். துறைமுக டிரெய்லரில் அப்படி ஒரு நேரம் கிடையாது.

ராத்திரி எட்டு மணிக்கு மணலி பக்கம் ஒரு சி.எஃப்.எஸ். யார்டில் (துறைமுகத்துக்குப் போகிற, வருகிற கன்டெய்னர்களை வைக்கிற இடம்) கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு மகன் கிளம்புகிறான் என்று வையுங்கள். எம்.எஃப்.எல். சந்திப்பு, எர்ணாவூர், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, காசிமேடு, கடைசியில் துறைமுகத்தின் ஜீரோ கேட். தூரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, பைக்கில் போனால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனால் வண்டி லைனில் நின்றுவிட்டால் கதை வேறு. ஒரு நாள் இரண்டு மணி நேரத்தில் உள்ளே போய்விடலாம், இன்னொரு நாள் விடிந்துவிடும். நிற்கிற நேரத்தில் தூங்கலாமே என்றால் அதுவும் முடியாது. முன்னால் நிற்கிற வண்டி இருபதடி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். கண் அசந்தால் பக்கத்து வண்டிக்காரர் மூக்கை நுழைத்துவிடுவார். உள்ளே போனால் சீல் நம்பர் பேப்பரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், இல்லாவிட்டால் ஸ்கேனிங்குக்கு அனுப்புவார்கள். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது போன் வரும்: "வர்ற வழியில ஒரு எம்டி கன்டெய்னர் (காலிப் பெட்டி) எடுத்துட்டு வந்துடுப்பா." மாமா சொன்னால் மருமகன் மாட்டேன் என்று சொல்வானா?

இப்போது அந்த 1,200 ரூபாயைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் முடிந்தால் மணிக்கு 150 ரூபாய். காலேஜ் பையனுக்கு நல்ல காசுதான். அதே வேலை பதினாலு மணி நேரம் இழுத்து, நடுவில் சாப்பாடு, டீ என்று 200 ரூபாய் போனால் மணிக்கு 71 ரூபாய்தான் மிச்சம். ஓட்டுநருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. சொந்தக்காரர் வண்டியில் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

மறுநாள் காலை கல்லூரி. ராத்திரி முழுக்க கண் விழித்தவன் அப்படியே பைக் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவான், கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற அதே சாலையில். எனக்கு லாரியைவிட இந்த பைக் பயணம்தான் பயம். வாரத்தில் இரண்டு இரவு என்றால் இரண்டு காலை வகுப்பு போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் பல்கலைக்கழகத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பில் இரண்டு நாள் போனால் மிஞ்சுவது 60.

அடுத்து லைசென்ஸ். மகனிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது, எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து டிரெய்லரைத் தொடக்கூடாது. சரக்கு வண்டி, பயணிகள் வண்டி மாதிரியான போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டும் மகனுக்குச் சரியாக இருக்கிறது. அதாவது ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட அவனுக்குத் தகுதி உண்டு, அவ்வளவுதான். டிரைவிங் ஸ்கூலில் முறையாகப் பழகி, ஆர்.டி.ஓ. முன்னால் ஓட்டிக் காட்டி, லைசென்ஸில் அந்த வகை ஏறின பிறகுதான் ஓட்டலாம்.

"எனக்குத் தெரியும், மாமா கூட கிளீனராப் போய் ஓட்டியிருக்கேன்" என்பான். யார்டுக்குள் நேராக ஓட்டியிருப்பான். டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதுதான் பாடம். பின்னால் போகும்போது ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் இடது பக்கம் போகும். இரண்டு பக்கமும் கன்டெய்னர் அடுக்கு, நடுவில் நாற்பது அடி வண்டியை ராத்திரியில் கண்ணாடியை மட்டும் நம்பிச் செருக வேண்டும். நாலு மூலை லாக்கும் போட்டிருக்கிறதா என்று இறங்கிப் போய்த் தொட்டுப் பார்க்காமல் கிளம்பினால் திருப்பத்தில் பெட்டி தனியே சரியும். இடது பக்கம் ஒட்டி வருகிற டூவீலர் கேபினிலிருந்து தெரியவே தெரியாது. தினமும் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் கையில் வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு ராத்திரி ஓட்டுகிறவன் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புதுசாகவே இருப்பான்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஓட்டுகிறவருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000. அது சின்ன விஷயம். விபத்து நடந்து, அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கக் கிளம்பும். உங்கள் தம்பியின் இரண்டு வண்டியும் அதில் போய்விடலாம். அவரிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள். அக்கா பிள்ளைக்குப் பயந்து பேசுகிறாள் என்று நினைக்க மாட்டார், தன் வண்டிக்காகவும் யோசிப்பார்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மகன் போலீஸ் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறான். நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். ரோட்டில் விபத்து என்றால், தப்பு யார் பேரில் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே பெரிய வண்டி டிரைவர் மேல்தான் பெரும்பாலும் வழக்கு விழும். கவனக்குறைவால் உயிர் போனால் பழைய 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 வருஷம் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 106(1) பிரிவில் அது 5 வருஷம் ஆகிவிட்டது. தண்டனை வரை போகாது என்றே வைத்துக்கொள்வோம். காவல் பணிக்குத் தேர்வானால் முன்நடத்தை விசாரிப்பார்கள். வழக்கில் சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரைக்கூட வழக்கில் தொடர்புடையவராகவே எடுத்துக்கொள்ளும் விதி தமிழ்நாடு காவல் பணியில் இருக்கிறது. எழுத்துத் தேர்வு, உடல்தகுதி எல்லாம் தாண்டின பையன் ஒரு எஃப்.ஐ.ஆரால் வெளியே நிற்க நேரிடும். மாசம் 9,600 ரூபாய்க்காக அந்தக் கனவைப் பணயம் வைக்கலாமா என்று அவனையே கேளுங்கள். நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். அவன் சொல்லட்டும்.

சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குப் பணம்?

உங்கள் வீட்டுக்காரர் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நலவாரியத்தில் பதிந்திருக்கிறாரா? ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அதில் சேர வழி உண்டு. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறார்கள். பலர் விபத்து நடந்த பிறகுதான் இந்த வாரியத்தைத் தேடுகிறார்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் விண்ணப்பிக்கும் வழி சொல்வார்கள். மகன் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கே வரும். வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். இதெல்லாம் சேர்ந்தாலும் 9,600 ஆகாது, எனக்குத் தெரியும்.

மீதிக்கு அவன் சம்பாதிக்கட்டும். வண்டிதான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்தால் சின்ன யானை மாதிரி வண்டி போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம், தனி பேட்ஜ் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் வீடு காலி செய்கிறவர்களுக்கு, கடைகளுக்கு லோடு அடிக்கலாம். வேலை எப்போது முடியும் என்று கிளம்பும்போதே தெரியும். அது உண்மையான பகுதி நேரம். ரோடு என்றால் ஆபத்து இல்லாமல் இல்லை, ஆனால் தூக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

நானாக இருந்தால் அவனை வேறு பக்கம் திருப்பிப் பார்ப்பேன். பி.காம். பையன், மாமா வண்டியில் சுற்றினவன். சி.எஃப்.எஸ். என்றால் என்ன, எம்டி யார்டு எங்கே, சீல் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் அவனுக்குப் பழக்கம். கல்லூரியில் இன்கோடெர்ம்ஸை (ஏற்றுமதி இறக்குமதி வணிக விதிச் சொற்கள்) மனப்பாடம் பண்ணுகிற பல பேருக்குக் கன்டெய்னர் கதவை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாது. பாரிமுனையில் தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்கள் நிறைய. ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ் இருப்பதால் வந்த கூட்டம் அது. அங்கே மதியத்துக்கு மேல் ஆவணம் எடுத்துப் போக, கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேடுவார்கள். ஆரம்பச் சம்பளம் டிரெய்லர் பேட்டா அளவுக்கு வராது. ஆனால் எச் கார்டு என்ற தொடக்கநிலை அனுமதி அட்டையில் தொடங்கி, சுங்கத் துறை தேர்வு எழுதி ஜி கார்டு வாங்கினால் சரக்கை கஸ்டம்ஸில் கிளியர் பண்ணுகிற ஆளாகலாம். காலை ஷிப்ட் முடிந்து தண்டையார்பேட்டையிலிருந்து ஒரே பஸ். எஸ்.ஐ. தேர்வு கைகொடுக்காவிட்டாலும் நிற்க ஓர் இடம் இருக்கும். மாமாவுக்குத் தெரிந்த புரோக்கர் நிச்சயம் இருப்பார். ஆக்டிங் வேலைக்குப் பதிலா இந்த அறிமுகத்தைக் கேளுங்கள், அவர் மனசும் கோணாது.

இத்தனைக்கும் பிறகு, "எனக்கு லாரிதான் பிடிச்சிருக்கு" என்று அவன் சொல்லலாம். சொன்னால் அழாதீர்கள். டிகிரி முடியட்டும், அப்புறம் முழு நேரமாக, முறையாக இறங்கட்டும். ஹெவி லைசென்ஸ் எடுத்து, அனுபவம் உள்ள டிரைவரோடு கொஞ்ச காலம் ஓடட்டும். பெட்ரோல், கேஸ், ரசாயனம் ஏற்றுகிற டேங்கர் ஓட்ட அபாயகரச் சரக்குக்கான பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். இந்திய மொழி ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று விதியே இருக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலை பக்கத்திலேயே இருக்கும்போது படித்த டிரைவருக்கு அது தனிக் கதவு. அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஹெவி லைசென்ஸோடு அனுபவம் கேட்பார்கள். வண்டிகளும் மாறுகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். மாமாவின் பழைய வண்டியில் அது இருக்காது.

அப்படி இறங்கும் நாளில் மாமாவிடம் கேட்க வேண்டியவை இவை. லைனில் நின்றால் ஹால்டிங் காசு உண்டா, டிரிப்புக்கு மட்டும்தானா? ராங் பார்க்கிங், ஓவர்லோடு அபராதம் யார் கட்டுவது? கன்டெய்னரில் அடிபட்டால் பேட்டாவில் பிடிப்பீர்களா? மாதச் சம்பளமாகப் பேசி இ.எஸ்.ஐ. கட்ட முடியுமா? மாமா மருமகன் என்பதால் இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்காமல் விட்டால்தான் பின்னால் சண்டை வரும். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாக எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அது போதும்.

கடிதத்தோடு இரண்டு லாரிகளின் நம்பரையும் எதற்கோ எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எம்பரிவாகன் செயலியில் அந்த நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை என்று வரும். மகனை விட்டே பார்க்கச் சொல்லுங்கள். தேதி ஏதாவது தாண்டியிருந்தால், ஆக்டிங் பேச்சை எடுப்பதற்கு முன்னால் தம்பியிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.