ஸ்லாட்டில் பொருந்திவிட்டது, லேப்டாப்புக்குத் தெரியவில்லை: மதர்போர்டு பழுதா?

கேள்வி: திண்டுக்கல்லில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது 2017-இல் வாங்கிய லேப்டாப். இன்டெல் ஐ3, 7-ஆம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. கணக்கு மென்பொருளான டேலி திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. உள்ளே எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாக இருந்ததால் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) இணையத்தில் வாங்கி, கடையில் கொடுத்துப் பொருத்தச் சொன்னேன். கச்சிதமாகப் பொருந்தியது, ஆனால் லேப்டாப்பில் தெரியவே இல்லை. மதர்போர்டில் கோளாறு, மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். போதாக்குறைக்கு, சில வாரங்களாக வைஃபையும் அடிக்கடி காணாமல் போகிறது. மதர்போர்டை மாற்றுவதா, புதிய லேப்டாப்பே வாங்கிவிடுவதா?

பதில்: மதர்போர்டை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அது பழுது என்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஏறுகிறது, டேலி திறக்கிறது. புதிதாக வைத்த ஒரு பாகம் மட்டும் தெரியவில்லை என்றால், அந்தப் பாகம் இந்த மெஷினுக்கு ஏற்றதுதானா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஸ்லாட்டுக்குள் சரியாக நுழைவது வேறு, மதர்போர்டு ஏற்றுக்கொள்வது வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் நல்ல மதர்போர்டுகளைக் கழற்றிப் போடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர். எஸ்எஸ்டியின் மேல் 2280 என்று அச்சிட்டிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று பொருள். தரவு எந்த வழியில் போய்வரும் என்பதை அந்த எண் சொல்லாது. எம்.2 எஸ்எஸ்டிகளில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. சாட்டா என்பது ஹார்டு டிஸ்க்குகள் பல ஆண்டுகளாகப் பேசிவரும் மொழி; என்விஎம்இ என்பது மதர்போர்டின் அதிவேகப் பிசிஐஇ பாதைகளின் வழியே பேசும் புதிய மொழி. உங்கள் லேப்டாப் வெளிவந்த காலத்தில் விலை குறைந்த பல மாடல்களில் எம்.2 ஸ்லாட்டுக்குச் சாட்டா இணைப்பு மட்டுமே கொடுத்திருந்தார்கள். என்விஎம்இ எஸ்எஸ்டியின் தங்க நிறப் பற்களில் ஒரு வெட்டு இருக்கும்; எம்.2 சாட்டா எஸ்எஸ்டியில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும். லேப்டாப்பில் வழக்கமாக இருக்கும் ஸ்லாட்டில் இரண்டுமே தடையின்றி உட்காரும். உட்கார்ந்த பிறகு, சாட்டா மட்டும் தெரிந்த ஸ்லாட்டில் என்விஎம்இ ஊமையாகிவிடும். உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், உறுதி செய்துகொள்ளலாம். லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கொடுத்து, உங்கள் மாடலுக்கான பராமரிப்புக் கையேட்டை எடுங்கள். சேமிப்பகம் பற்றிய பகுதியில் எம்.2 சாட்டா என்று மட்டும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. எஸ்எஸ்டி விற்கும் பக்கத்தில் 'அனைத்து லேப்டாப்புகளுக்கும் ஏற்றது' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அடுத்து, அதே எஸ்எஸ்டியை என்விஎம்இ ஏற்கும் வேறொரு கணினியிலோ, என்விஎம்இக்கான யுஎஸ்பி உறையிலோ போட்டுப் பாருங்கள். அங்கே தெரிந்தால் எஸ்எஸ்டியும் நலம். வாங்கிய இடத்தில் திரும்ப எடுக்க மறுத்தாலும் பணம் வீணாகாது. அந்த உறையோடு சேர்த்துக் கணக்குகளைப் பிரதி எடுத்துவைக்கும் வெளி டிஸ்க்காகவே வைத்துக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி தெரியவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, எங்கே தெரியவில்லை என்பதைத்தான். பெரும்பாலும் எஃப்2 அல்லது எஃப்10 விசையில் வரும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) திரையிலேயே இல்லை என்றால் பொருத்தமோ இணைப்போதான் காரணம். ஒருமுறை கழற்றி, சாய்வாகச் செருகி, பற்கள் உள்ளே மறையும்வரை தள்ளி, பிறகு அழுத்தித் திருகுபோட்டுப் பார்க்கலாம். பயாஸில் இருக்கிறது, விண்டோஸ் நிறுவும் திரையில் மட்டும் இல்லை என்றால் அது டிரைவர் (பாகத்தை விண்டோஸுக்கு அறிமுகம் செய்யும் மென்பொருள்) குறை. 11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகளிலிருந்து இந்தப் புகார் அதிகம். அங்கே எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, விரித்து, பென் டிரைவில் வைத்து, நிறுவும் திரையில் உள்ள 'லோடு டிரைவர்' வழியே ஏற்றினால் டிஸ்க் வந்துவிடும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் இருக்கிறது, 'திஸ் பிசி'யில் மட்டும் காணவில்லை என்றால் புது டிஸ்க்கை இன்னும் தயார்ப்படுத்தவில்லை என்றுதான் பொருள். ஜிபிடி என்ற பகிர்வு முறையில் இனிஷியலைஸ் (முதல் தயாரிப்பு) செய்து ஃபார்மட் செய்தால் முடிந்தது. கடைக்காரர் பார்த்தது இந்த மூன்றில் எந்தத் திரையை என்று கேளுங்கள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், மதர்போர்டு பற்றிய அவருடைய முடிவையும் ஏற்க வேண்டியதில்லை.

சரி, எதை வாங்கலாம்? இப்போதுள்ள ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் போடுங்கள். அது 7 மி.மீ. தடிமன்தான், ஹார்டு டிஸ்க் இருந்த தட்டில் அப்படியே உட்காரும், சாட்டா இணைப்பு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 எம்பிவரை என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க்கால் நொடிக்கு நூறு இடங்களைக்கூடத் தேடிப் படிக்க முடியாது; எந்த எஸ்எஸ்டியும் ஆயிரக்கணக்கில் படிக்கும். டேலி திறக்கத் தாமதமாவது அந்தத் தேடலால்தான். இரு எஸ்எஸ்டி வகைகளுக்கும் இடையிலான வித்தியாசம் உங்கள் வேலையில் தெரியவே தெரியாது. ஒரே ஓர் எச்சரிக்கை: நம்ப முடியாத விலைக்கு 2 டிபி, 4 டிபி என்று விற்கும் பெயர் தெரியாத எஸ்எஸ்டிகளில் உண்மைக் கொள்ளளவு அதில் சிறு பங்குகூட இருக்காது. எழுதிய கோப்புகள் பிறகு திறக்காது. பிறருடைய கணக்கை வைத்திருப்பவர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவைதான் இந்த வேலையில் மிக முக்கியமானவை. ஜிஎஸ்டி தாக்கல் படிவங்களில் ஜிஎஸ்டிஆர்-1-க்கான 11-ஆம் தேதியும் ஜிஎஸ்டிஆர்-3பி-க்கான 20-ஆம் தேதியும் நெருங்கும்போது இதைத் தொடவே தொடாதீர்கள். 20 முடிந்தபின் வரும் வாரம் உங்களுக்கு ஏற்றது. டேலியின் டேட்டா ஃபோல்டரை இரண்டு தனித்தனி இடங்களில் பிரதி எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். டேலி உரிமம் கணினியோடு பிணைந்தது. மாற்றுவதற்கு முன் அதைச் சரண்டர் செய்துவிட்டு, புதிய நிறுவலில் மறுபடி செயல்படுத்த வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்தினால் அதன் டிரைவரையும் முன்கூட்டியே பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டும் மறையாக்கம்) இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைக்காமல் பயாஸில் எதையும் மாற்றாதீர்கள். அது கேட்கும் நேரத்தில் கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளது எதையும் எடுக்க முடியாது.

பழைய டிஸ்க்கின் உடல்நிலையை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். மஞ்சளோ சிவப்போ காட்டினால் முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்க (குளோன் செய்ய) முயல வேண்டாம். முதல் செக்டர் தொடங்கி வரிசையாகப் படிக்கும் அந்த வேலையிலேயே அது உயிரை விட்டுவிடலாம். தேவையான கோப்புகளை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். டிஸ்க் நலமாக இருந்தாலும் நான் புது நிறுவலைத்தான் விரும்புவேன். எட்டாண்டுக் குப்பையைப் புது டிஸ்க்குக்கு ஏன் குடிபெயர்க்க வேண்டும்?

திறக்கும்போது பேட்டரி இணைப்பை முதலில் பிடுங்கிவிட வேண்டும். பேட்டரி உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்தி, பேட்டரியை மாற்றிய பிறகு தொடருங்கள். அதைக் குத்துவதும் அழுத்துவதும் தீயில் முடியும். திருகுகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும், எது எங்கிருந்து வந்தது என்று தாளில் குறித்து வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் கீபோர்டு பக்கம் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

4 ஜிபி ராம் இன்று போதாது. டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பகுதியைத் திறந்தால் மொத்தம் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று பெரும்பாலும் காட்டும். 7-ஆம் தலைமுறை ஐ3 லேப்டாப்புகளில் சிலவற்றில் டிடிஆர்4, சிலவற்றில் டிடிஆர்3எல் இருப்பதால் சிபியு-இசட் மென்பொருளில் வகையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் 8 ஜிபி ஒன்றைச் சேர்த்து 12 ஜிபி ஆக்கலாம். டிடிஆர்4 என்றால் 2666 அல்லது 3200 வேகத்தில் கிடைத்தாலும் வாங்கலாம், அது இறங்கி 2133-இல் இயங்கும். கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி, ராம் பிறகு.

இனி வைஃபை. அது காணாமல் போகும் நேரத்தில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்கள் பட்டியலைப் பாருங்கள். வைஃபை அட்டை மஞ்சள் முக்கோணத்தோடு இருந்தால் டிரைவரில் கோளாறு. பட்டியலிலேயே இல்லை என்றால் அட்டை தளர்ந்திருக்கலாம், அல்லது செத்துக்கொண்டிருக்கலாம். ஷட்டவுன் செய்து மீண்டும் இயக்கிப் பார்த்தேன், கோளாறு தீரவில்லை என்று பலர் சொல்வார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் ஷட்டவுனில் விண்டோஸின் மையப்பகுதி முழுதாக அணைவதில்லை. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். அதன்பின்னும் தொடர்ந்தால் அட்டையின் பிராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்து முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள். பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்த அட்டையை அணைக்கலாம் என்ற அனுமதியையும் எடுத்துவிடுங்கள். சில வாரங்களாக மட்டும் வரும் கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டில் அடங்கிவிடும்.

புது விண்டோஸ் போட்டதும் வைஃபை டிரைவரே இல்லாமல் நிற்க நேரலாம். இணையம் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது என்று திகைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைப் பகிரும் யுஎஸ்பி டெதரிங் போட்டால் விண்டோஸ் அதை உடனே இணைய இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பெயர் தெரியாத சாதனமாக ஏதாவது நின்றால் அதன் பிராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் நான்கு எழுத்து எண் தயாரிப்பாளரைக் காட்டும்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 1002 என்றால் ஏஎம்டி. டிரைவரை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ விண்டோஸ் அப்டேட்டிலிருந்தோ மட்டும் எடுங்கள். 'உங்கள் கணினியில் 37 டிரைவர்கள் பழையவை' என்று பயமுறுத்திப் பணம் கேட்கும் மென்பொருள்களை நிறுவவே நிறுவாதீர்கள். ஒழுங்காக ஓடும் சாதனத்துக்குத் தவறான டிரைவரை ஏற்றிக் கெடுப்பவை அவை. டிரைவர் பழையது என்பது நோய் ஆகாது. வேலை செய்கிற வரை அதைத் தொட வேண்டியதில்லை.

வைஃபை அட்டையையே மாற்ற வேண்டி வந்தால், எஸ்எஸ்டியில் கண்ட அதே சிக்கல் இங்கும் காத்திருக்கிறது. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஏஎக்ஸ்201 சிஎன்விஐ வகை. அதன் வேலையில் ஒரு பாதியைப் பிராசஸர் பக்கத்துச் சிப்பே செய்ய வேண்டும், 7-ஆம் தலைமுறையில் அந்த வசதி கிடையாது. உங்களுக்குத் தேவை ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210. சில தயாரிப்பாளர்கள் தாங்கள் அனுமதித்த அட்டைகளை மட்டும் ஏற்கும்படி பயாஸைப் பூட்டியிருப்பதும் உண்டு. கையேட்டில் உள்ள உதிரிபாகப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புதிய லேப்டாப்பா என்ற கேள்விக்கு விண்டோஸ்தான் பதில் சொல்லும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான், மிகச் சில விதிவிலக்குகள் தவிர. உங்கள் ஐ3 அந்தப் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று காட்டுவார்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. வியாபாரிகளின் வங்கி விவரங்களும் ஜிஎஸ்டி கடவுச்சொற்களும் இருக்கும் மெஷினில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே எஸ்எஸ்டிக்கும் ராமுக்கும் மட்டும் செலவிடுங்கள். மதர்போர்டுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்து அது முடியும் வரை இதிலேயே வேலையை ஓட்டுங்கள். அதன்பின் கணக்கு வேலைக்கு விண்டோஸ் 11 ஏற்கும் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, இதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். எஸ்எஸ்டியும் 12 ஜிபி ராமும் உள்ள 7-ஆம் தலைமுறை ஐ3-இல் அது நன்றாகவே ஓடும். அப்போது எஸ்எஸ்டியில் மிச்சமிருக்கும் வாடிக்கையாளர் கோப்புகளை முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள்.