எட்டு டேக் எடுத்தும் அழுகை ஒட்டவில்லை: பதில்

அழச் சொல்லாதீர்கள், அழுகையை அடக்கச் சொல்லுங்கள். அப்பா இறந்த செய்தியை மகன் போனில் கேட்கும் உங்கள் காட்சி எட்டு டேக்கிலும் நாடகத்தனமாகத் தெரிவதற்கு நடிகர் காரணமில்லை என்றே நினைக்கிறேன். க்ளோசப்பில் உதடு லேசாகத் துடிப்பதே பெரிதாகத் தெரியும். அதற்கு மேல் கண்ணீர், "ஐயோ அப்பா" வசனம், வயலின் எல்லாம் சேர்ந்தால் பார்ப்பவர் வருந்த இடமே இல்லை.

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' படத்தில் (1953) மனைவி இறந்த காலையில், கணவராக நடிக்கும் சிஷு ர்யூ வெளியே நின்று, விடியல் அழகாக இருந்தது, இன்றும் வெயில் அடிக்கும் என்கிறார். அவ்வளவுதான். எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கேதான் தொண்டை அடைக்கும்.

முதலில், ஏற்கெனவே எடுத்த டேக்குகளைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். முகம் உடைவதற்குச் சற்று முன்பே வெட்டினால் போதுமா என்று தெரிந்துவிடும். மறுபடி எடுப்பதானால் கைக்கு வேலை கொடுங்கள். அப்பாவின் சட்டையை மடிக்கும்போது போன் வரட்டும். கேட்டு முடித்தபின் அதே மடிப்பை மூன்று முறை நீவட்டும்.

அடக்கம் என்றால் மரத்துப்போன முகம் இல்லை, உள்ளே ஏதோ முட்டுவது தெரிய வேண்டும். அடுத்து வரும் சாவு வீட்டுக் காட்சிக்கு இதைப் பொருத்தாதீர்கள். அங்கே வாய்விட்டு அழுவதுதான் இயல்பு.