ஸ்கூட்டி பழகிய கால்கள் குதிரையில் ஏறும்போது

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எனக்கு 41 வயது. அப்பா நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்தில் நான்கு வருடம் குதிரைச் சவாரி பழகினேன். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் தொடவே இல்லை. இப்போது பாசிக்குடாப் பக்கம் மச்சான் ஒருவர் குதிரை வைத்திருப்பதால் ஞாயிறுதோறும் போகிறேன். ஏறினால் கால் இரண்டும் முன்னுக்குப் போய்விடுகின்றன. குதிரை துள்ளு நடையில் மெல்ல ஓடத் தொடங்கியதும் சேணத்தில் பொத்துப் பொத்தென்று விழுகிறேன். திங்கட்கிழமை நாரி நோவு. எல்லோரும் 'குதிகாலைக் கீழே அமுக்கு' என்கிறார்கள். அமுக்கினால் இன்னும் மோசம். என்ன செய்யலாம்?"

தங்கச்சி, குதிகாலை அமுக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் கவனித்தது சரிதான். சேணத்தில் தொங்கும் கால்மிதியான அங்கவடியை மிதித்துத் தள்ளும்போது முழங்கால் நிமிர்கிறது. முழங்கால் நிமிர்ந்தால் பாதம் முன்னால்தான் போகும். பாதம் முன்னால் போனால் இடுப்பு சேணத்தின் பின்பக்கம் சரியும். அப்புறம் குதிரையின் ஒவ்வொரு அடிக்கும் நீங்கள் கொஞ்சம் பிந்தி வந்து விழுவீர்கள். அந்த அடியை வாங்குவது உங்கள் நாரியும் அந்தக் குதிரையின் முதுகும்.

குதிகால் தானாக இறங்க வேண்டும். தொடையும் முழங்காலும் இறுக்கம் விட்டால் உடம்பின் பாரம் மெல்ல வடிந்து குதிகாலில் போய் நிற்கும். சிறுவயதில் இது உங்களுக்கு யோசிக்காமலே வந்திருக்கும். இப்போது வராததற்கு வயதை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தினமும் கல்லடிப் பாலத்தால் ஸ்கூட்டியில் வேலைக்குப் போவதாகவும், அங்கே எட்டு மணிநேரம் கதிரையில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்கூட்டியில் இருக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். பாதம் முன்னால், முழங்கால் மடிந்து, நாரி வளைந்து, பாரம் எல்லாம் பின்புறத்தில். ஸ்கூட்டிக்கு அது போதும். உடம்பு அதே இருப்பைக் குதிரையிலும் தேடுகிறது. நாளெல்லாம் அப்படியே இருந்து இருந்து இடுப்பின் முன்பக்கத் தசை குறுகிப்போய், தொடையைக் கீழே நீள விடாமல் பிடித்துக்கொள்கிறது.

உங்களுக்குத் தேவையான இருப்பைப் பார்க்க ஒருநாள் காலையில் வாவிக்கரைக்குப் போங்கள். தோணியில் நின்று வலை வீசுகிறவரைக் கவனியுங்கள். பாதம் இடுப்புக்கு நேர் கீழே இருக்கும். முழங்கால் லேசாக மடிந்திருக்கும். கணுக்கால் தோணியின் ஆட்டத்தோடு ஆடிக்கொண்டிருக்கும், தலை மட்டும் ஆடாது. தோணியைக் கீழே இருந்து உருவிவிட்டாலும் அவர் நின்றபடியேதான் தண்ணீரில் இறங்குவார். குதிரையை உருவிவிட்டால் நீங்கள் காலில் நிற்பீர்களா, பின்புறம் அடிபட விழுவீர்களா? பக்கவாட்டில் பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். மச்சானிடம் போனைக் கொடுத்துப் பக்கத்திலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நாம் நேராக இருப்பதாக நினைப்பதும் வீடியோவில் தெரிவதும் வேறு வேறு.

குதிரை அசையாமல் நிற்கும்போதே தொடங்குங்கள். மச்சான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். அங்கவடியிலிருந்து காலை எடுத்துத் தொங்கவிடுங்கள். அங்கவடியின் மிதி கணுக்கால் எலும்பின் மட்டத்தில் வந்தால் அதன் வார் நீளம் சரி. பிறகு ஒவ்வொரு காலாக, கையைப் பின்னால் கொண்டுபோய் உள்தொடைச் சதையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். தொடை சேணத்தில் தட்டையாகப் படிவது உடனே தெரியும், முழங்காலும் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். வளர்ந்த பிறகு திரும்பிவரும் எல்லோருக்கும் நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான். அந்த இடத்திலேயே மூச்சு நீண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி அங்கவடியில் கால் வைத்து, குதிரையின் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். கையை மெல்ல விட்டுப் பாருங்கள். பின்னால் விழுந்தால் கால் இன்னும் முன்னால் இருக்கிறது. முன்னால் சாய்ந்தால் கால் அதிகம் பின்னால் போய்விட்டது. விழாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் அசையாமல் மெல்ல இருங்கள். அதுதான் உங்கள் இடம். நின்ற குதிரையில் வந்துவிட்டால், நடக்கும் குதிரையிலும் இதையே செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று கிழமை இதற்கே போகட்டும், துள்ளு நடைக்கு அவசரமே இல்லை.

துள்ளு நடையில் குதிரையின் காலடிக்கு இரண்டே தட்டு. ஒன்றில் எழும்பி மற்றதில் இருக்க வேண்டும். காலால் உந்தி எழும்பாதீர்கள், குதிரையே தூக்கிவிடும். தூக்கும்போது இடுப்பைக் கைகளை நோக்கி முன்னே விடுங்கள், இறங்கும்போது பஞ்சில் இருப்பதுபோல இருங்கள். குதிரை பதினைந்து இருபது அடி எடுத்து வைத்ததும் சாதாரண நடைக்கு வந்து, காலைச் சரிபார்த்து, மறுபடி போகலாம். பார்வை தூரத்தில் இருக்கட்டும். தலை ஏறக்குறைய 5 கிலோ பாரம். குனிந்து பிடரியையே பார்த்தால் தோளும் அதோடு போய்விடும்.

சேணத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை அதன் இருக்கையில் வைத்தால் நடுவில் வந்து நிற்க வேண்டும். பின்பக்கம் உருண்டுபோய் நின்றால் அந்தச் சேணமே உங்களைக் கதிரையில் இருப்பதுபோல இருத்துகிறது. அப்போது சேணத்தைத்தான் சரிசெய்ய வேண்டும், உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் தினமும் ஐந்து நிமிடம் போதும். பாயில் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலை முன்னால் வைத்து, ஊன்றிய பக்க இடுப்பை மெல்ல முன்னே விட்டு 30 விநாடி நில்லுங்கள். பிறகு கால் மாற்றுங்கள். படிக்கட்டின் கடைசிப் படியில் முன்பாதத்தை மட்டும் வைத்து, சுவரைப் பிடித்தபடி குதிகால்களைத் தொங்கவிடுங்கள். அமுக்க வேண்டாம், இறங்கட்டும்.

ஸ்கூட்டி ஹெல்மெட்டோடு குதிரை ஏறாதீர்கள், சவாரிக்கென்று செய்த தொப்பி வேறு. செருப்பும் வேண்டாம், சிறிய குதி உள்ள சப்பாத்துப் போட்டால் பாதம் அங்கவடிக்குள் வழுக்கிப் போய் மாட்டாது. கடற்கரையில் பொதுபொதுவென்ற காய்ந்த மணல் குதிரையின் கால் தசைநாண்களை வருத்தும், ஈரமான இறுகிய மணலில் போங்கள். கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

நாரி நோவு ஓரிரு நாளில் குறைந்தால் பயமில்லை. தொடை வழியாகக் காலுக்கு இறங்கினாலோ, கால் விறைத்தாலோ, டொக்டரிடம் காட்டிய பிறகே மறுபடி ஏறுங்கள்.